பொதுவளவை கண்ட வரலாறு

மாகாணி என்னும் சொல்லை நம்முள் முதியோர் அறிவர், இளையோர் அறியார். தமிழ்ப் பின்ன வாய்பாட்டில் பதினாறில் ஒரு பங்குக்கு அது பெயர். மா என்பது இருபதில் ஒரு பங்கு. காணி என்பது எண்பதில் ஒரு பங்கு. மா, எண்பதில் நான்கு. காணி, எண்பதில் ஒன்று. இரண்டும் கூட எண்பதில் ஐந்து. அஃதாவது பதினாறில் ஒன்று. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. பெயரே கணக்காக நிற்கிறது.

இப்பெயரைத் திருப்பிப் படித்தால் வேறொரு கணக்கும் அதனுள் இருப்பது புலனாகும். மாகாணியிலிருந்து மாவைக் கழித்தால் காணி எஞ்சும். எஞ்சிய காணியைக் கொண்டு மாவை அளந்தால் நான்கு முறை மிச்சமின்றி அளக்கும். மாகாணியை அளந்தால் ஐந்து முறை மிச்சமின்றி அளக்கும். இரண்டையும் மிச்சமின்றி அளக்கவல்ல அளவைகளுள் காணியே பெரியது. இதனைத்தான் இன்று பள்ளிகளில் மீப்பெரு பொதுக் காரணி என்கிறோம். முன்னைப் பாடநூல்கள் மீப்பெரு பொது வகுத்தி என்றன. நம் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றால் மலாய்மொழியில் ‘ஃபக்தோர் செபூன்யா தெர்பெசார்’ என்று இதனையே படிக்கிறார்கள். இக்கட்டுரையில் பொதுவளவை என்று சொல்லிச் செல்வேன். இம்முறையை வகுத்தோர் அளத்தல் என்ற கருத்திலிருந்தே தொடங்கினர் என்பது காரணம்.

மாகாணிக்குப் பெயரிட்ட முன்னோர் கிரேக்க அறிஞரின் முறையை அறிந்து பெயரிட்டனர் என்று நான் சொல்ல வரவில்லை. அத்தகைய பெருமைப் பேச்சு நமக்கு வேண்டுவதுமன்று. பெரியதிலிருந்து சிறியதைக் கழி. எஞ்சியதைக் கொண்டு சிறியதை அள. இவ்விரண்டு அடிகளும் நம் பின்னப் பெயர் ஒன்றிலேயே அடங்கியுள்ளன என்பதை மட்டும் ஆசிரியர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகிறேன்.

கட்டுரை எழுந்த காரணம்

எங்கள் பள்ளியில் இளம் ஆசிரியர் ஒருவர் பிள்ளைகளுக்காகக் கணினி நிரல் ஒன்று எழுதினார். படம், வண்ணம், ஒலி எதுவும் அதில் இல்லை. கருந்திரையில் இரண்டு எண்களைக் கேட்கும். அவற்றின் பொதுவளவையைச் சொல்லும். அவ்வளவே. அதனை என்னிடம் காட்டி, “ஐயா, இதை இன்னும் செம்மையாக்க முடியுமா?” என்று கேட்டார். நிரல் எழுதும் கலையில் நான் பயின்றவனல்லேன். ஆயினும் கணக்கு எனக்குத் தெரியும் என்ற துணிவில் அதனைப் படித்துப் பார்த்தேன்.

நிரல் செய்த வேலை இது: ஒன்றிலிருந்து தொடங்கிச் சிறிய எண் வரையிலுள்ள ஒவ்வோர் எண்ணாலும் இரண்டையும் வகுத்துப் பார்க்கும், இரண்டிலும் மீதியின்றி வகுபடும் எண்ணைக் குறித்துக்கொள்ளும், இறுதியாகக் குறித்ததை விடையாகச் சொல்லும். 84, 60 என்று கொடுத்தால் நொடியில் 12 என்றது. விடையில் குற்றமில்லை. வழிதான் நீண்டது.

84, 60 என்ற எண்களை நான் தட்டச்சு செய்ததற்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், நான் தோட்டப்பள்ளி ஒன்றில் உதவியாசிரியனாக இருந்தபோது, அறுபதின் கீழ் எண்பத்துநான்கு என்னும் பின்னத்தைச் சுருக்குமாறு ஒரு வினா கொடுத்தேன். பயிற்சிக் காலத்தில் நான் கற்ற முறை, இரண்டு எண்களையும் பகாக் காரணிகளாகப் பிரித்துப் பொதுவானவற்றை நீக்குவது. ஒரு மாணவன் மட்டும் வேறு வகையாக எழுதியிருந்தான். 84-இல் 60 போக 24. 60-இல் 24 போக 36. 36-இல் 24 போக 12. 24-இல் 12 போக 12. பின்னர் 60-ஐயும் 84-ஐயும் 12-ஆல் வகுத்து, ஐந்தின் கீழ் ஏழு என்று முடித்திருந்தான். நான் சிவப்பு மையால் ‘வழி தவறு’ என்று எழுதினேன்.

அவன் ஏட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, “விடை சரிதானே ஐயா? வழி எப்படித் தப்பாகும்?” என்று கேட்டான். யார் சொல்லிக் கொடுத்தது என்று வினவினேன். அவன் தந்தையார் தோட்டத்தில் தச்சுவேலை செய்தவர். இரண்டு நீளப் பலகைகளை வீணாக்காமல் ஒரே அளவான துண்டுகளாக்க வேண்டுமாயின், சிறியதைப் பெரியதன்மேல் வைத்து மிஞ்சுவதைக் குறித்துக்கொண்டு, மிஞ்சியதைக் கொண்டு சிறியதை அளப்பாராம். அதைத்தான் எண்ணில் செய்தேன் என்றான். ‘பாடத்தில் உள்ளபடி செய்’ என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் செய்தது இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளாக உலகில் வழங்கும் முறை என்பது அன்று எனக்குத் தெரியாது.

யூக்ளிடும் ஒன்பது அத்தியாயமும்

கிறித்து பிறப்பதற்கு முந்நூறு ஆண்டளவில் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவில் வாழ்ந்தவர் யூக்ளிட். அவர் இயற்றிய ‘மூலங்கள்’ என்னும் நூல் பதின்மூன்று பகுதிகளை உடையது. வடிவகணிதத்துக்குப் பெயர்பெற்ற அந்நூலில் ஏழாம் பகுதி எண்களைப் பற்றியது. அதன் முதல் இரண்டு தேற்றங்களும் பொதுவளவை காணும் முறையையே கூறுகின்றன. அவர் எண்களைக் கோடுகளாக வரைகிறார். ஓர் எண் மற்றோர் எண்ணை வகுக்கிறது என்னாமல் ‘அளக்கிறது’ என்கிறார். சிறியதைப் பெரியதிலிருந்து மாறிமாறிக் கழித்துக்கொண்டே செல்க. எஞ்சியது தனக்கு முந்தியதை மிச்சமின்றி அளக்குமாயின் அதுவே மீப்பெரும் பொதுவளவை. இறுதியில் ஒன்றே எஞ்சுமாயின் அவ்விரு எண்களுக்கும் ஒன்றைத் தவிரப் பொதுவளவை இல்லை. இவை அவர் கருத்துகள். தச்சர் பலகையில் செய்ததும் இதுவே.

இம்முறை பிழையாகாது என்பதற்குக் காரணம் எளிது. ஓர் அளவை இரண்டு பலகைகளையும் மிச்சமின்றி அளக்குமாயின், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்த மிச்சத்தையும் அது அளந்தே தீரும். ஆதலின் கழிக்கக் கழிக்க எண்கள் சிறுக்குமே ஒழியப் பொதுவளவை மாறாது.

சீனத்திலும் இம்முறை தனித்து வழங்கியது. ‘ஒன்பது அத்தியாயங்கள்’ என்னும் பழைய கணித நூல் ஈராயிரம் ஆண்டளவு பழமையுடையது. கி.பி. 263-இல் லியூ உவே என்பவர் அதற்கு உரை எழுதினார். நிலம் அளக்கும் முதல் அத்தியாயத்தில் பின்னத்தைச் சுருக்கும் விதி வருகிறது. இரண்டு எண்களையும் பாதியாக்க முடியுமாயின் பாதியாக்குக. முடியாவிடின் மாறிமாறிக் கழித்து இரண்டும் சமமாகும் எண்ணைக் காண்க. அதனால் இரண்டையும் வகுக்க என்பது அவ்விதியின் சாரம். அங்கு வரும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று 91-இல் 49 பங்கு. 91-இல் 49 போக 42. 49-இல் 42 போக 7. 42-இல் ஏழேழாகக் கழிக்க இறுதியில் 7-உம் 7-உம் சமம். ஆகவே அப்பின்னம் 13-இல் 7 பங்காகச் சுருங்கும். என் மாணவன் செய்ததும் இவ்விதியின்படிதான். இரட்டை எண்களைப் பாதியாக்கும் அப்பழைய குறிப்புக்கு இக்காலத்தும் பயன் உண்டு. 1967-இல் யோசப் சுடைன் என்பவர் கணினிக்கு ஏற்ற வகையில் வெளியிட்ட முறை, பாதியாக்குதலும் கழித்தலும் கொண்டே பொதுவளவை காண்பதாகும்.

ஈவுகளை எறியாதவர்

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஆரியபடர் கி.பி. 476-இல் பிறந்தவர், அவர்தம் ஆரியபடீயம் 499-ஆம் ஆண்டைச் சார்ந்தது. யூக்ளிடுக்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் பிற்பட்டது. ஆகவே, யார் முந்தியவர் என்னும் வழக்கில் நாம் நிற்க வேண்டியதில்லை. ஆரியபடர் இம்முறையை எதற்குப் பயன்படுத்தினார் என்பதே நாம் காண வேண்டியது.

ஐந்தைந்தாக எண்ணினால் ஒன்று மிஞ்சும். ஏழேழாக எண்ணினால் மூன்று மிஞ்சும். அப்படிப்பட்ட எண் யாது? 31 என்று முயன்று கண்டுவிடலாம். ஐந்துக்கும் ஏழுக்கும் மாறாக ஒன்பது இலக்க எண்கள் வந்தால் முயன்று காணல் இயலாது. வானநூலார்க்கு வந்தவை அத்தகைய எண்களே. அதற்கு ஆரியபடர் கணிதபாதத்தின் இறுதிச் செய்யுட்கள் இரண்டில் கூறிய முறைக்குக் குட்டகம் என்று பெயர். இடித்துப் பொடியாக்குவது என்பது சொற்பொருள். பெரிய எண்களை மாறிமாறி வகுத்துச் சிறுசிறு எண்களாக இடித்துவிடுதலின் அப்பெயர் பெற்றது. கி.பி. 629-இல் முதலாம் பாஸ்கரர் இதற்கு விரிவான உரை எழுதினார். 628-இல் பிரமகுப்தர் தம் நூலில் குட்டகத்துக்குத் தனி அத்தியாயமே வகுத்தார். 1150-இல் இரண்டாம் பாஸ்கரர் தம் லீலாவதியில் இதனைக் கற்பித்தார்.

யூக்ளிடின் முறைக்கும் குட்டகத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர்கள் ஊன்றி நோக்க வேண்டும். மாறிமாறி வகுக்கும்போது ஒவ்வோர் அடியிலும் ஈவு ஒன்றும் மீதி ஒன்றும் கிடைக்கின்றன. யூக்ளிடுக்கு வேண்டியது மீதி மட்டும். எத்தனை முறை கழித்தோம் என்ற ஈவு அவருக்குப் பயனற்றது. குட்டகத்தாரோ ஈவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்தனர். அவ்வரிசைக்கு வல்லி, அதாவது கொடி என்று பெயரிட்டனர். கொடியின் அடியிலிருந்து மேலேறிப் பெருக்கியும் கூட்டியும் தமக்கு வேண்டிய விடையைப் பறித்தனர். ஒருவர் எறிந்ததை மற்றவர் எடுத்து வைத்தார். அதன் பயன் நம் வீட்டுச் சுவரில் தொங்கும் பஞ்சாங்கம் வரை வந்துள்ளது.

இருநூற்று நாற்பத்தெட்டு

சந்திரன் வானில் ஒரே வேகத்தில் செல்வதில்லை. சில நாள் விரையும், சில நாள் தளரும். அது தன் உச்சப் புள்ளியிலிருந்து புறப்பட்டு மீண்டும் உச்சத்தை அடைய இருபத்தேழரை நாளும் சற்றுக் கூடுதலும் ஆகும். இக்கூடுதல் துல்லியமாக எவ்வளவு என்பதே வானநூலார் இடர்ப்பட்ட இடம்.

ஆரியபடர் ஒரு மகாயுகத்தில் 1,577,917,500 நாட்கள் என்றும், அதனுள் சந்திரன் 57,753,336 சுற்றும் அதன் உச்சம் 488,219 சுற்றும் சுற்றும் என்றும் கூறினார். முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்க, சந்திரன் உச்சத்தை அடைந்த முறைகள் 57,265,117 ஆகும். இனி நாட்களையும் இவ்வெண்ணையும் மாறிமாறி வகுப்போம். ஈவுகள் முறையே 27, 1, 1, 4, 12 என்று வருகின்றன. இக்கொடியைக் கொண்டு ஏணி கட்டலாம். இறுதி எண்ணை அடுத்த ஈவால் பெருக்கி, அதற்கு முந்திய எண்ணைக் கூட்டுவதே ஏணியின் விதி.

நாட்களின் ஏணி 1, 27 என்று தொடங்கும். 27-ஐ 1-ஆல் பெருக்கி 1 கூட்ட 28. 28-ஐ 1-ஆல் பெருக்கி 27 கூட்ட 55. 55-ஐ 4-ஆல் பெருக்கி 28 கூட்ட 248. 248-ஐ 12-ஆல் பெருக்கி 55 கூட்ட 3031. சுற்றுகளின் ஏணி 0, 1 என்று தொடங்கும். அதே ஈவுகளால் அது 1, 2, 9, 110 என ஏறும். ஆகவே 248 நாட்களில் ஏறத்தாழ 9 சுற்று. 3031 நாட்களில் இன்னும் நெருக்கமாக 110 சுற்று.

இந்த 248 என்னும் எண்தான் வாக்கிய பஞ்சாங்கத்தின் உயிர். 248 நாளில் சந்திரனின் நடை மீண்டும் தொடங்கிய இடத்துக்கே ஏறக்குறைய வந்துவிடுமாதலின், நாளொன்றுக்கு ஒன்றாக 248 சிறு வாக்கியங்களில் சந்திரன் நிற்கும் இடத்தை அமைத்து வைத்தனர். வரருசியின் வாக்கியங்கள் என்று அவை வழங்கும். எழுத்துகளையே எண்களாகக் கொள்ளும் முறையில் அமைந்தமையால் ஏடின்றியே அவற்றை மனப்பாடம் செய்தனர். தமிழகத்தில் வழங்கிய வாக்கியகரணம் என்னும் நூல் ஏறத்தாழ 13-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்தது. தி. சா. குப்பண்ண சாஸ்திரியாரும் கே. வி. சர்மாவும் அதனைப் பதிப்பிக்க, 1962-இல் சென்னைக் குப்புசாமி சாஸ்திரி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டது.

இங்கும் உண்மையை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 248 நாள் கணக்கு நமக்கு மட்டும் உரியதன்று. பாபிலோனியரின் களிமண் பலகைகளில் அது உண்டு. எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரசு ஏட்டில் 248-உம் 3031-உம் சேர்ந்தே காணப்படுகின்றன. கணித வரலாற்றறிஞர் ஆட்டோ நியூகெபௌவர் இத்தொடர்பை ஆராய்ந்து, 1952-இல் தமிழர் வானநூல் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். எண்கள் கடல் கடந்து வந்திருக்கலாம். ஆனால் வந்த எண்ணைச் சோதிக்கவும் திருத்தவும் வல்ல கருவி இங்கு இருந்தது. கேரளத்து அரிதத்தர் கி.பி. 683-இல் பரகிதம் என்னும் முறையை நிறுவியபோது ஆரியபடரின் எண்களுக்குச் சிறு திருத்தம் கூட்டினார். திருத்திய எண்களை மாறிமாறி வகுத்தால் 12-க்கு அடுத்த ஈவு 4 என வருகிறது. 3031-ஐ 4-ஆல் பெருக்கி 248 கூட்ட 12,372. 110-ஐ 4-ஆல் பெருக்கி 9 கூட்ட 449. அஃதாவது 12,372 நாட்களில் 449 சுற்று. வாக்கிய முறையில் 248, 3031 ஆகியவற்றுக்கு மேல் நிற்கும் பெரிய சுழல் இந்த 12,372-தான்.

சோழி கொண்டு கணித்தவர்

இம்முறை நூலில் மட்டும் இருந்ததன்று. சென்னை வானாய்வுக் கூடத்தில் முன்பு பணியாற்றிய யோன் வாரன் என்னும் ஆங்கிலேயப் படையின் அதிகாரி 1825-இல் ‘காலசங்கலிதம்’ என்னும் நூலைச் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனத்தில் உள்ள வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லி, சந்திரகிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டியதை அதில் எழுதியுள்ளார். வானநூற் கொள்கை எதனையும் அக்கணிதர் அறியார். எனினும் 1825 மே 31-ஆம் நாளிரவு நேர்ந்த அக்கிரகணத்தின் தொடக்கம் அவர் கணக்கில் 4 நிமிடமும், நடு 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமும் மட்டுமே பிழைத்தன என்று நியூகெபௌவர் குறிக்கிறார்.

அவர் செய்தது என்ன? தொடக்க நாளிலிருந்து சென்ற நாட்களை எடுத்துக்கொள்வர். அதனை 12,372-ஆல் வகுப்பர். மீதியை 3031-ஆல் வகுப்பர். அதன் மீதியை 248-ஆல் வகுப்பர். இறுதி மீதி எத்தனையோ அத்தனையாவது வாக்கியத்தைச் சொல்வர். எடுத்துக்காட்டாக 50,000 நாட்கள் சென்றன என்க. 12,372 நான்கு முறை போக 512 மீதி. அதில் 3031 அடங்காது. 248 இருமுறை போக 16 மீதி. ஆகவே பதினாறாம் வாக்கியம். முன்வந்த ஈவுகளுக்கு உரிய திருத்தங்களை அதனுடன் கூட்டிக்கொள்வர். இங்கும் ஈவு எறியப்படவில்லை, மீதியும் எறியப்படவில்லை. சோழி ஈவைக் காத்தது. நினைவு வாக்கியத்தைக் காத்தது.

கொள்கை அறியாமலே கணித்தார் என்று வாரன் வியந்தார். நாம் அதைப் பெருமையாகவும் கொள்ளலாம்; எச்சரிக்கையாகவும் கொள்ளலாம். வழியை மட்டும் காத்துக் காரணத்தை மறந்த கல்வி, எண்கள் சிறிது பிழைபடும்போது திருத்த வழியறியாது நின்றுவிடும். காரணத்தை மட்டும் கற்றுக் கைப்பழக்கத்தை விட்ட கல்வியோ பலகையை அளக்க மாட்டாது.

நிரலைத் திருத்திய விதம்

இவ்வளவையும் அறிந்தபின் இளம் ஆசிரியரின் நிரலுக்குத் திரும்பினேன். ஆரியபடரின் அவ்விரு பெரிய எண்களையும் அதனிடம் கொடுத்தோம். ஐந்து கோடியே எழுபத்திரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட வகுத்திகளை அது ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். திரை அசையாது நின்றது. பிள்ளைகள் சலித்துப் போனார்கள்.

முதலில் மேலிருந்து கீழாகச் சோதித்தால் விரையுமா என்று பார்த்தோம். பொதுவளவை பெரிதாயின் விரையும்; இங்கோ அது ஒன்றே ஆதலின் பயனில்லை. அடுத்து, தச்சர் முறைப்படி கழித்துக்கொண்டே செல்லுமாறு எழுதினோம். விரைந்தது. ஆனால் ஒரு மாணவி விளையாட்டாகச் சுழியத்தைத் தட்டினாள். நிரல் நிற்கவே இல்லை. எந்த எண்ணிலிருந்து சுழியத்தைக் கழித்தாலும் அவ்வெண் குறையாதன்றோ? யூக்ளிடுக்கு இத்தொல்லை இல்லை. அவர் நாட்டில் சுழியம் ஓர் எண்ணாகக் கருதப்படவில்லை. சுழியத்தோடு கணக்கிடும் விதிகளை வகுத்தவர் குட்டகத்துக்குத் தனி அத்தியாயம் எழுதிய அதே பிரமகுப்தர். ஓர் எண்ணும் சுழியமும் வந்தால் அவ்வெண்ணே விடை என்று முதலிலேயே கூறிவிடல் வேண்டும். இரண்டும் சுழியமாயின், பொதுவளவை என்று ஒன்றைத் தேர முடியாது என்று சொல்லி மீண்டும் எண் கேட்க வேண்டும்.

மூன்றாவதாக, பன்முறை கழிப்பதற்கு மாறாக ஒருமுறை வகுத்து மீதியை எடுத்துக்கொள்ளுமாறு செய்தோம். அப்பெரிய எண்களுக்கு இருபத்தொரு வகுத்தலில் விடை வந்துவிட்டது! கோடிகள் எங்கே, இருபத்தொன்று எங்கே! பிரெஞ்சுக் கணிதர் இலாமே 1844-இல் மெய்ப்பித்த தேற்றம் ஒன்று உண்டு. சிறிய எண்ணில் எத்தனை இலக்கங்களோ, அதன் ஐந்து மடங்குக்கு மேல் வகுத்தல் தேவைப்படாது என்பது அது. நம் சிறிய எண் எட்டிலக்கம், நாற்பதுக்கு மேற்போகாது. இருபத்தொன்றிலேயே முடிந்தது.

நான்காவதாக, எண்ணைக் கேட்கும் வேலை, கணிக்கும் வேலை, விடை சொல்லும் வேலை மூன்றையும் வெவ்வேறாகப் பிரித்தோம். கேட்கும் பகுதி, யாரேனும் எண்ணுக்குப் பதிலாக எழுத்தைத் தட்டினால் நிரல் முறிந்துவிடாமல் மறுபடி கேட்கும். கணிக்கும் பகுதி திரையைப் பற்றி ஒன்றும் அறியாது. சோழி வேறாகவும் வாக்கியம் வேறாகவும் வைத்திருந்த புதுச்சேரிக் கணிதரை அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது திருத்தம் நான் வேண்டிக்கொண்டது. விடையை மட்டும் சொல்லாமல், ஒவ்வோர் அடியிலும் வந்த ஈவையும் மீதியையும் திரையில் வரிசையாக எழுதிக் காட்டுக என்றேன். “எதற்கு ஐயா? விடைதான் வந்துவிட்டதே” என்றார் அவ்வாசிரியர். எழுதிக் காட்டச் செய்தார். 27, 1, 1, 4, 12 என்று திரையில் கொடி இறங்கியது. பிள்ளைகள் தாளில் ஏணி கட்டினார்கள். 28, 55, 248. வகுப்பின் சுவரில் தொங்கிய பஞ்சாங்கத்தைக் காட்டி, இந்த எண்ணுக்கும் அதற்கும் உறவு உண்டு என்று சொன்னபோது அவர்கள் கண்களில் எழுந்த வியப்பை நான் மறவேன்.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்

தெங்கேரா என்னும் எங்கள் ஊர்ப்பெயர், அரண் என்னும் பொருளுடைய போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. பல நாட்டு வணிகரும் தத்தம் எடைக்கல்லும் படியும் கொண்டுவந்து இறங்கிய துறைமுகம் மலாக்கா. ஒருவர் அளவையை மற்றவர் அளவையால் அளந்து, இருவர்க்கும் பொதுவான ஒன்றைக் காணாமல் இங்கு ஒரு நாளும் வாணிகம் நடந்திராது. பொதுவளவை இவ்வூர் மண்ணுக்குப் புதியதன்று. நம் வகுப்பறைக்குத்தான் புதியதாகிவிட்டது.

பகாக் காரணியாகப் பிரிக்கும் முறையை நான் இகழவில்லை. எண்ணின் உள்ளமைப்பை அது காட்டும். ஆயினும் வாய்பாட்டில் தளர்ந்த பிள்ளை அங்கே முதலடியிலேயே நின்றுவிடுகிறது. கழிக்கத் தெரிந்த எந்தப் பிள்ளையும் மாறிமாறிக் கழிக்கும் முறையால் விடையை எட்டும். ஆதலின் பின்னத்தைச் சுருக்கும் பாடத்தில் முதலில் இரண்டு தாள்துண்டுகளைக் கொடுங்கள். சிறியதைப் பெரியதன்மேல் வைத்து வெட்டச் செய்யுங்கள். பிறகு அதனை எண்ணில் எழுதச் செய்யுங்கள். அதன்பின் கழித்தலை வகுத்தலாகச் சுருக்குங்கள். மா, காணி, மாகாணி என்னும் பெயர்களைத் தமிழ்ப் பாடவேளையில் ஒருமுறையேனும் சொல்லிக் கொடுங்கள். கணினி கற்பிக்கும் ஆசிரியர் உங்கள் பள்ளியில் இருப்பாராயின், ஈவுகளையும் எழுதிக் காட்டும் நிரல் ஒன்றைப் பிள்ளைகளைக் கொண்டே எழுதச் சொல்லுங்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, விடை சரியாக இருந்து வழி மட்டும் நாம் அறியாததாக இருக்குமானால், சிவப்பு மையைத் தொடுமுன் அப்பிள்ளையை அழைத்து, ‘இது எப்படி உனக்குத் தோன்றிற்று?’ என்று கேளுங்கள். அன்று நான் கேட்டேன்; ஆனால் விடையைக் காதில் வாங்கவில்லை. தச்சர் மகனாகிய அம்மாணவர் இன்று எந்த ஊரில் என்ன தொழில் செய்கிறாரோ அறியேன். இக்கட்டுரை அவர் கண்ணிற் படுமாயின் அவர் அறிந்துகொள்க: உம்முடைய வழி தவறன்று, நான் எழுதிய குறிப்பே தவறு.